பழைய கணினியில் இலகு இயங்குதளம்: எப்படிச் சோதிப்பது, எதைக் குறித்துவைப்பது

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசாப்ட் வழங்கிவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11க்கு மாற வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், குறைந்தது 4 ஜிபி நினைவகமும், அந்நிறுவனம் ஏற்றுக்கொண்ட ப்ராசஸர்களுள் ஒன்றும் இருக்க வேண்டும் என்பதால், திரையும் விசைப்பலகையும் நல்ல நிலையில் உள்ள எத்தனையோ மடிக்கணினிகள் அலமாரிக்குள் போய்விட்டன. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் இலகுவான வழங்கல் (வெவ்வேறு குழுக்கள் தொகுத்துத் தரும் பதிப்பு) ஒன்றைப் போட்டு அவற்றை மறுபடி ஓடவைக்கலாம் என்று கேள்விப்பட்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலகு இயங்குதளங்களைப் பற்றிப் பேசுபவர்கள், கணினி தொடங்கியவுடன் எத்தனை எம்பி நினைவகம் செலவாகிறது என்ற எண்ணையே பெரிதாகச் சொல்வார்கள். நானும் அந்த எண்ணை நம்பித்தான் 2 ஜிபி நினைவகம் கொண்ட ஒரு பழைய மடிக்கணினியில் நான்கு வழங்கல்களை மாற்றி மாற்றி நிறுவினேன். ஒன்று 200 எம்பியில் தொடங்கியது, இன்னொன்று 450 எம்பியில் தொடங்கியது. உலாவியைத் திறந்து மூன்று டேப்கள் போட்டதும் இரண்டும் ஒரே மாதிரித் திணறின. உலாவி ஒரு ஜிபியை எடுத்துக்கொண்ட பிறகு, தொடக்கத்தில் மிச்சம் பிடித்த 250 எம்பி எங்கே போனது என்றே தெரியவில்லை. ஆகவே உங்கள் அன்றாட வேலையை வைத்துச் சோதித்து, பார்த்ததை எழுதிவைத்து, அதைக்கொண்டு முடிவெடுப்பதுதான் இங்கே சொல்லப்போகும் வழி.

கணினியைத் தெரிந்துகொள்வது

இயங்குதளத்தைத் தேடுவதற்கு முன்பு மூன்று விவரங்கள் கையில் இருக்க வேண்டும்: ப்ராசஸர் 32 பிட்டா 64 பிட்டா, நினைவகம் எவ்வளவு, உள்ளே இருப்பது சுழலும் ஹார்டு டிஸ்க்கா எஸ்எஸ்டியா. விண்டோஸ் இன்னும் ஓடுகிறதென்றால், அமைப்புகளில் கணினியைப் பற்றிய பக்கத்தில் முதல் இரண்டும் கிடைத்துவிடும். ஆனால் அங்கே ஒரு குழப்பம் வரலாம். 64 பிட் ப்ராசஸரில் 32 பிட் விண்டோஸ் போடப்பட்டிருப்பது பழைய கணினிகளில் சாதாரணம். எனவே இயங்குதளத்தின் பிட் அளவைப் பார்த்து ஏமாறாமல், அதே வரியில் ப்ராசஸரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பாருங்கள்.

இந்த விவரத்துக்கு இப்போது முன்பைவிட மதிப்பு கூடியிருக்கிறது. பரவலாகப் பயன்படும் லினக்ஸ் வழங்கலான உபுண்டுவின் குடும்பம் 32 பிட் நிறுவல் கோப்புகளை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. இன்னொரு பெரிய வழங்கலான டெபியனின், 2025 ஆகஸ்டில் வந்த 13ஆம் பதிப்பில் 32 பிட் கணினிகளுக்கான நிறுவியும், இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலும் இல்லை. கூகுள் குரோம் 2016லேயே 32 பிட் லினக்ஸைக் கைவிட்டது. ஃபயர்ஃபாக்ஸும் 145ஆம் பதிப்போடு கைவிட்டுவிட்டது. உங்களுடையது அசல் 32 பிட் கணினி என்றால், அதில் எழுதலாம், பாட்டுக் கேட்கலாம், இணையத் தொடர்பில்லாத வேலைகளைச் செய்யலாம். வங்கிக் கணக்குக்குள் நுழைவது போன்ற வேலைகளுக்கு அதை நம்பியிருக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

நினைவகத்தையும் டிஸ்க்கையும் பொறுத்தவரை இன்னும் வெளிப்படையாகச் சொல்லலாம். 2 ஜிபி இருப்பதை 4 ஜிபி ஆக்குவதும், சுழலும் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவதும் தருகிற வேகத்தை எந்த இலகு வழங்கலும் தந்துவிடாது. அந்த மாற்றம் முடியாதபோதுதான் வழங்கலின் தேர்வு முழுமையாக முக்கியமாகிறது.

இரண்டு மூன்று போதும்

வழங்கல்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. எல்லாவற்றையும் பார்க்கப் போனால் வருடம் ஓடிவிடும், முடிவு எட்டாது. 4 ஜிபியும் 64 பிட்டும் இருந்தால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பில் தொடங்குங்கள் (எக்ஸ்எஃப்சிஇ என்பது ஒரு டெஸ்க்டாப் சூழல், அதாவது திரையில் தெரியும் மெனுவும் பட்டையும் சாளரங்களும் அடங்கிய தொகுப்பு). 2 ஜிபி நினைவகமே குறைந்தபட்சம், 4 ஜிபி இருந்தால் வசதி என்று அதை உருவாக்குபவர்களே சொல்கிறார்கள். விண்டோஸிலிருந்து வருபவருக்குக் கீழ்ப்பட்டையும் மெனுவும் பழகிய இடத்திலேயே இருக்கும். லுபுண்டு, 18.10ஆம் பதிப்பிலிருந்து எல்எக்ஸ்க்யூடி என்ற டெஸ்க்டாப் சூழலைப் பயன்படுத்துகிறது. மின்ட்டைவிடச் சற்றே மெலிந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்ட எம்எக்ஸ் லினக்ஸும் இந்த வரிசையில் சேரும்.

2 ஜிபிக்குக் கீழே போனால் ஆன்டிஎக்ஸ் என்பது என் முதல் தேர்வு. அது முழு டெஸ்க்டாப் சூழலுக்குப் பதிலாக ஐஸ்டபிள்யூஎம் என்ற சாளர மேலாளரை மட்டும் கொண்டு ஓடுகிறது. டெபியன் 12ஐ அடிப்படையாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ் 23 வரிசையில் 32 பிட் பதிப்பும் உண்டு. தோற்றத்தில் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பேரி கவ்லர் 2003இல் தொடங்கிய பப்பி லினக்ஸ், முழுவதுமாக நினைவகத்தில் ஏறிக்கொண்டு அங்கிருந்தே ஓடுவதால் பழைய கணினியிலும் சட்டென்று பதில் தரும். ஆனால் அது இயல்பாகவே ரூட் பயனராக, அதாவது எல்லா அதிகாரமும் கொண்ட பயனராக இயங்குகிறது என்பதை அறிந்துதான் அதைத் தொட வேண்டும். டைனி கோர் வெறும் இருபத்துச் சொச்சம் எம்பியில் ஒரு டெஸ்க்டாப்பைத் தருகிறது. பார்த்து வியக்கலாம், புதியவர் அதில் தொடங்கினால் வைஃபையை இணைப்பதற்கே ஒரு நாள் போய்விடும்.

வழக்கமான லினக்ஸ் வழங்கல்களுக்கு வெளியேயும் இரண்டு பெயர்கள் காதில் விழும். ஹைக்கு, பழைய பீஓஎஸ் (BeOS) இயங்குதளத்தின் வழியில் 2001 முதல் உருவாகிவருவது; 2024 செப்டம்பரில் அதன் ஐந்தாம் பீட்டா வந்தது. அதன் வேகம் ஆச்சரியப்படுத்தும், எனினும் ஒரே கணினியை வைத்திருப்பவர் அதையே நம்பி இருக்க முடியாது. கூகுளின் குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸ் 4 ஜிபி நினைவகம் கேட்கிறது, விண்டோஸோடு சேர்ந்து ஒரே டிஸ்க்கில் இருக்கவும் ஒப்புக்கொள்ளாது.

பெண்டிரைவைத் தயார்செய்வது

தேர்ந்தெடுத்த வழங்கலின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை, அதாவது இயங்குதளம் முழுவதும் அடங்கிய ஒற்றைக் கோப்பைத் தரவிறக்குங்கள். பக்கத்திலேயே எஸ்எச்ஏ256 என்ற பெயரில் ஒரு நீளமான எழுத்து வரிசை தரப்பட்டிருக்கும். தரவிறக்கிய கோப்புக்கும் அதே வரிசையைக் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். இதைத் தாண்டிப்போக எல்லோருக்கும் ஆசை வரும். பாதியில் அறுந்த தரவிறக்கத்தை எழுதிவிட்டு, நிறுவும்போது பிழை வந்து, குற்றத்தைக் கணினியின் மேல் போட்டு ஒரு மாலை முழுவதும் வீணாக்கியவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த ஒப்பீட்டுக்கு இரண்டு நிமிடம்தான் ஆகும்.

பெண்டிரைவில் எழுதுவதற்கு விண்டோஸில் ரூஃபஸும், எல்லாத் தளங்களிலும் எட்சரும் உள்ளன. பல வழங்கல்களைச் சோதிக்கப்போகிறவர்களுக்கு வென்டாய் இன்னும் வசதி. ஒருமுறை பெண்டிரைவைத் தயார்செய்துவிட்டால், அதன்பின் ஐஎஸ்ஓ கோப்புகளைச் சாதாரணமாக நகலெடுத்து வைத்தாலே போதும், தொடங்கும்போது எது வேண்டும் என்று பட்டியல் வரும். எந்தக் கருவியானாலும் பெண்டிரைவில் இருப்பது முழுவதும் அழிந்துபோகும். எழுதும்போது வேறு பெண்டிரைவோ வெளி ஹார்டு டிஸ்க்கோ கணினியில் செருகியிருக்கக் கூடாது. பட்டியலில் மேலே இருந்ததைத் தேர்ந்தெடுத்து, குடும்பப் படங்கள் இருந்த பெண்டிரைவை ஒருமுறை நானே துடைத்திருக்கிறேன்.

பெண்டிரைவிலிருந்து தொடங்குவது

கணினியை முழுதாக அணைத்துவிட்டு, இயக்கியதும் பூட் மெனு விசையை விடாமல் தட்ட வேண்டும். அது எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். "முழுதாக" என்பதற்கு இங்கே காரணம் இருக்கிறது: விண்டோஸ் 8 முதல் உள்ள ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி, கணினியை அணைப்பது போல் காட்டிவிட்டு உண்மையில் பாதி உறக்கத்தில் வைக்கிறது. அதை நிறுத்தாமல் லினக்ஸில் நுழைந்தால் விண்டோஸ் பகுதியிலுள்ள கோப்புகளைப் படிக்க மட்டுமே முடியும், எழுத முடியாமல் போகலாம். அங்கீகரிக்கப்பட்ட இயங்குதளத்தை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் வசதியை அணைக்க நேர்ந்தால் அதற்கு முன்னால் விண்டோஸின் பிட்லாக்கர் வட்டு மறையாக்கம் இயங்குகிறதா என்று பார்த்து, அதன் மீட்பு விசையை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் விண்டோஸுக்குள் திரும்ப முடியாத நிலை வரக்கூடும்.

நிறுவாமல் ஒரு மணி நேரம்

திரையில் டெஸ்க்டாப் வந்ததும் நிறுவும் சின்னம் ஒன்று கண்ணில் படும். அதைத் தொடாதீர்கள். இப்போது ஓடுவது லைவ் அமர்வு, அதாவது பெண்டிரைவிலிருந்தே நேரடியாக ஓடும் இயங்குதளம். உங்கள் டிஸ்க்கில் எதுவும் மாறவில்லை. இந்த ஒரு மணி நேரத்தில்தான் உங்கள் கணினிக்கு இந்த வழங்கல் ஒத்துவருமா என்பது தெரியும்.

முதலில் வைஃபை. பட்டியலில் எந்த வலையமைப்பும் வரவில்லை என்றால் பெரும்பாலும் டிரைவர்தான் காரணம். பழைய மடிக்கணினிகளில் உள்ள பிராட்காம் சில்லுகள் சிலவற்றுக்குத் தனி டிரைவர் தேவைப்படும். அதைத் தரவிறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு அந்த டிரைவர் வேண்டும். இந்தச் சிக்கலை அவிழ்க்க எளிய வழி, கைபேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து அதன் இணையத்தைக் கணினிக்குப் பகிர்வது. பெரும்பாலான வழங்கல்கள் அதைக் கம்பிவழி இணைப்பாக எடுத்துக்கொண்டு உடனே வேலை செய்யத் தொடங்கும்.

அடுத்து ஒலி, திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைகள், டச்பேடில் இரண்டு விரலால் உருட்டுவது, வெப்கேமரா. இவை ஒவ்வொன்றும் ஒரு நிமிட வேலை. அதன்பின் மடிக்கணினியின் மூடியை மூடி, மூன்று நிமிடம் காத்திருந்து, திறந்து பாருங்கள். இதைப் பலரும் சோதிப்பதில்லை. நிறுவிய மறுநாள்தான் மூடியைத் திறந்து கறுப்புத் திரையைப் பார்த்துத் திகைப்பார்கள். என் மடிக்கணினியில் ஒரு வழங்கலில் திரை கறுப்பாகவே இருந்தது, மின்விசிறி மட்டும் சுழன்றது, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர வழியில்லை. அதே கணினியில், வேறு கர்னல் பதிப்பைக் கொண்ட இன்னொரு வழங்கலில் இரண்டு நொடியில் விழித்துக்கொண்டது.

பிறகு தமிழ். ஒரு தமிழ்ச் செய்திப் பக்கத்தைத் திறந்து, எழுத்துகள் சரியாக வருகின்றனவா, கொம்பும் காலும் தத்தம் இடத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். மிக மெலிந்த வழங்கல்களில் இட மிச்சத்துக்காகத் தமிழ் எழுத்துரு சேர்க்கப்படாமல் வெறும் கட்டங்கள் தெரியும். நோட்டோ அல்லது லோஹித் தமிழ் எழுத்துருவை நிறுவினால் சரியாகிவிடும். தட்டச்சுக்கு, விசைப்பலகை அமைப்பிலேயே தமிழ் தளக்கோலங்கள் உண்டு. தமிழ்99, அஞ்சல் போன்ற ஒலிப்பு முறை என்று மாற்றிப் பழகியவர்கள் ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியோடு எம்17என் தொகுப்பையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக உலாவி, இதுவே முக்கியம். ஒரு நாளில் நீங்கள் வழக்கமாகத் திறந்து வைத்திருக்கும் பக்கங்களை அப்படியே திறங்கள்: மின்னஞ்சல், ஒரு செய்தித்தளம், ஒரு காணொளி. ஐந்து நிமிடம் கழித்து முனையத்தில், அதாவது கட்டளை தட்டும் சாளரத்தில், "ஃப்ரீ" (free) என்ற கட்டளையைத் தந்து, கடைசி நெடுவரிசையில் கிடைக்கக்கூடிய நினைவகம் எவ்வளவு என்று பாருங்கள். "ஃப்ரீ" என்ற தலைப்பின் கீழே உள்ள எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம்; லினக்ஸ் சும்மா இருக்கும் நினைவகத்தை டிஸ்க் கோப்புகளின் தற்காலிக நகலுக்குப் பயன்படுத்திக்கொள்ளும், தேவைப்படும்போது விட்டுக்கொடுக்கும்.

காணொளி விட்டு விட்டு ஓடினால் அதை இயங்குதளத்தின் குறை என்று உடனே எழுதிவிடாதீர்கள். பழைய கிராபிக்ஸ் சில்லுகள் எச்.264 வடிவக் காணொளியைத் தாமே கையாளும். யூடியூப் பெரும்பாலும் அனுப்பும் விபி9, ஏவி1 வடிவங்களை அவற்றால் கையாள முடியாததால், சுமை முழுவதும் ப்ராசஸரின் தலையில் விழுகிறது. எச்.264 வடிவத்தை மட்டும் கேட்கும்படி செய்யும் உலாவி நீட்சி ஒன்றைச் சேர்த்து, காணொளித் தரத்தை 480பி ஆக்கினாலே என் கணினியில் நிலைமை தலைகீழாக மாறியது.

லைவ் அமர்வில் எதை நம்பக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். செயலிகள் திறக்கும் வேகத்தை நம்பக்கூடாது, ஏனென்றால் அவை மெதுவான பெண்டிரைவிலிருந்து வாசிக்கப்படுகின்றன. நினைவக எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, ஏனென்றால் நீங்கள் செய்யும் மாற்றங்கள் எல்லாம் டிஸ்க்குக்குப் போகாமல் நினைவகத்திலேயே தேங்குகின்றன. வன்பொருள் ஒத்துழைக்கிறதா என்பதை லைவ் அமர்வு சொல்லும். வேகம் என்ன என்பதை நிறுவிய பிறகுதான் அறிய முடியும்.

நிறுவுவது

இந்தப் பகுதி எல்லோரும் பயப்படும் அளவுக்குச் சிரமமானதில்லை. கோப்புகளை வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுத்து, அந்த நகல் வேறு கணினியில் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, நிறுவியைத் தொடங்குங்கள். முழு டிஸ்க்கையும் அழித்து நிறுவுவது, விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவுவது என்ற இரண்டு வாய்ப்புகள் பெரும்பாலும் வரும். டிஸ்க் சிறியதென்றால் இரண்டையும் வைத்துக்கொண்டு திண்டாடுவதைவிட ஒன்றோடு நிற்பதே மேல். 2 ஜிபி கணினியில் நினைவகம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படும் ஸ்வாப் இடம் ஒதுக்க மறக்காதீர்கள். நினைவகத்துக்குள்ளேயே தரவைச் சுருக்கி வைக்கும் இசட்ரேம் வசதி இருந்தால் அதையும் இயக்குங்கள். என் கணினியில் உலாவி திடீரென்று உறைந்துபோவது அதன் பிறகுதான் குறைந்தது.

ஒரு வாரம், ஒரு நோட்டு

நிறுவிய பிறகு ஒரு வாரத்துக்கு வேறு வழங்கலைப் பற்றி யோசிக்க வேண்டாம். பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, நின்று பார்க்கவைத்த ஒவ்வொன்றையும் தேதி போட்டு எழுதுங்கள். பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து உலாவியில் முதல் பக்கம் தெரியும்வரை எத்தனை நொடி என்று மூன்று முறை அளந்து எழுதுங்கள். முதல் முறை கூடுதலாக இருக்கலாம். அடுத்த வழங்கலைச் சோதிக்கும்போது இதே பக்கங்கள், இதே காணொளி, இதே அளவீடு என்று வைத்துக்கொண்டால்தான் ஒப்பிடுவதில் பொருள் உண்டு.

அந்தக் கணினியை வேறொருவர் பயன்படுத்தப்போகிறார் என்றால் நோட்டும் அவர் சொல்வதைக் கேட்டே நிரம்ப வேண்டும். என் மடிக்கணினியை அம்மாவுக்காகத் தயார்செய்து, எம்பிகளை எல்லாம் எண்ணி முடித்து, பெருமையாக அவர் கையில் கொடுத்தேன். "எழுத்து ஏன்டா இவ்வளவு பொடியா இருக்கு?" என்பதுதான் அவர் சொன்ன முதல் கருத்து. இரண்டாவது, சாளரத்தின் ஓரத்தைப் பிடித்து இழுக்க முடியவில்லை என்பது. ஓரம் அவ்வளவு மெலிதாக இருந்தது. எக்ஸ்எஃப்சிஇயின் தோற்ற அமைப்பில் எழுத்துருவின் டிபிஐ அளவை 96இலிருந்து 115 ஆக்கி, அகலமான ஓரம் கொண்ட சாளரப் பாணி ஒன்றுக்கு மாற்றியதும் இரண்டும் தீர்ந்தன. வேகத்தைப் பற்றி அவர் இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பார்த்ததை உருவாக்குபவர்களுக்குச் சொல்வது

இவ்வழங்கல்களுள் பல ஒரு சிலரின் ஓய்வுநேர உழைப்பில் நிற்பவை. உங்களிடம் இருக்கும் குறிப்பிட்ட மாதிரிக் கணினி அவர்களிடம் இருக்க வாய்ப்பு குறைவு என்பதால், உங்கள் ஒரு வாரக் குறிப்பு அவர்களுக்கு வேறு வழியில் கிடைக்காதது. ஆனால் "மெதுவாக இருக்கிறது, பிடிக்கவில்லை" என்று எழுதினால் அதைக்கொண்டு அவர்களால் எதுவும் செய்ய முடியாது. என் நோட்டிலிருந்த ஒரு பதிவை எப்படி அனுப்பினேன் என்று காட்டுகிறேன்: "மூடியை மூடித் திறந்தால் திரை கறுப்பாகவே இருக்கிறது. ஐந்து முறை செய்து பார்த்தேன், ஐந்து முறையும் அப்படியே. சார்ஜர் இணைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் மாற்றமில்லை. மெனுவில் உறக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் சரியாக விழிக்கிறது." என்ன செய்தேன், என்ன நடந்தது, எத்தனை முறை என்ற மூன்றும் அதில் இருந்தன.

அதோடு வன்பொருள் விவரம் வேண்டும். மின்ட், எம்எக்ஸ் போன்றவற்றில் "இன்க்ஸி" (inxi) என்ற கட்டளை முன்பே இருக்கும். அதற்குப் பெரிய எழுத்து எஃப், சிறிய எழுத்து இசட் ஆகிய தெரிவுகளைக் கொடுத்தால் (inxi -Fz), ப்ராசஸர் முதல் கர்னல் பதிப்புவரை ஒரே பக்கத்தில் கிடைக்கும். இசட்டை விட்டுவிடாதீர்கள், அதுதான் வலையமைப்பு முகவரி, வரிசை எண் போன்ற தனிப்பட்ட விவரங்களை மறைக்கிறது. உபுண்டு குடும்பத்தின் பிழைகள் லாஞ்ச்பேட் தளத்தில் பதிவாகின்றன. டெபியனில் அதற்கென்றே "ரிப்போர்ட்பக்" என்ற கருவி உள்ளது. எழுதுவதற்கு முன் அதே பிழையை யாராவது பதிந்திருக்கிறார்களா என்று தேடிப் பார்த்து, இருந்தால் புதிதாகத் தொடங்காமல் அதன் கீழேயே உங்கள் கணினியின் விவரத்தைச் சேருங்கள். பிழைகளைத் தனித்தனியாகப் பதிய வேண்டும். வைஃபையையும் ஒலியையும் ஒரே பதிவில் போட்டால் இரண்டையும் கவனிக்க ஆளிருக்காது.

பதில் வர நாளாகலாம். வரும்போது, புதிய கர்னலில் இதே பிழை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்றுதான் பெரும்பாலும் கேட்பார்கள். அதற்காக நிறுவியதைக் கலைக்க வேண்டியதில்லை. வழங்கலின் புதிய பதிப்பைப் பெண்டிரைவில் எழுதி, லைவ் அமர்வில் மூடியை மூடித் திறந்து பார்த்தாலே பதில் சொல்லிவிடலாம். அந்தப் பெண்டிரைவை அதுவரை வேறு வேலைக்கு எடுத்துவிடாதீர்கள்.